உங்களுக்குத் தெரியுமா? எலி பிடிக்காமலும் படம் வரையலாம்!

★ ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி, கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியோடு வான் ஆய்வு தொடங்கியது 1968-ல். அதே ஆண்டு டிசம்பர் 9-ம் தேதிதான் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் கணினி மவுஸை மேடையேற்றி உலகுக்குக் காட்டினார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

★ எங்கெல்பார்ட்டுக்காக 1964-ல் பில் இங்கிலீஷ் செய்துகொடுத்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக. ஒரு சக்கரம் இடம்-வலம் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும். மற்றது முன்-பின் எவ்வளவு என்று அளக்கும். கணினிக்குப் போய்ச் சேருவது இரண்டே எண்கள். இன்றைக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும் மவுஸும் அதே இரண்டு எண்களைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

★ மவுஸுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது ஒரு பொம்மை. பிரான்சுக்காரர் ஆந்த்ரே கசாஞ் கண்டுபிடித்து 1960-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'எட்ச் எ ஸ்கெட்ச்'. சிவப்புச் சட்டம், சாம்பல் நிறத் திரை, கீழே இரண்டு வெள்ளைத் திருகுகள். இடது திருகு கோட்டைக் கிடையாக ஓட்டும், வலது திருகு நெடுக்காக ஓட்டும். கண்ணாடியின் உட்புறம் அப்பியிருக்கும் அலுமினியத் தூளை ஒரு முள் சுரண்டிக்கொண்டே போவதுதான் கோடாகத் தெரிகிறது. படம் பிடிக்கவில்லையா, கவிழ்த்துக் குலுக்கினால் போச்சு. இதில் சதுரம் போடுவது சுலபம். வட்டம் போட இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகத்தில் திருக வேண்டும். பெரியவர்களே திணறுவார்கள்.

★ இப்போது காவலூருக்கு வருவோம். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வானியலாளர் வைனு பாப்புவின் பெயரைச் சூட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் அசைய இரண்டே அச்சுகள். ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். காவலூர் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12.5 பாகையில் என்பதால், அந்த அச்சு தரையிலிருந்து அவ்வளவுதான் நிமிர்ந்திருக்கும். கிட்டத்தட்டப் படுத்த நிலை. மணிக்கு 15 பாகை வீதம் அது சுழன்றால் விண்மீன் பார்வையை விட்டு நகராது. இரண்டாவது அச்சு வடக்கு-தெற்காக அசையும்.

தானியங்கி முறைகள் வருவதற்கு முந்தைய காலத்தில் தொலைநோக்கி அருகே நிற்பவரின் கையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு பொத்தான்கள். வேகமாக ஓட்ட ஒரு நிலை, மெல்ல நகர்த்த இன்னொரு நிலை. கண்ணருகில் தெரியும் குறுக்குக் கம்பியை விட்டு விண்மீன் நழுவப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தட்டு. மணிக்கணக்கில், குளிரில், தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கீபோர்டின் அம்பு விசைகளை வைத்துக் கணினித் திரையில் படம் வரையும் குழந்தை செய்வதும் இதே வேலைதான். குழந்தைக்காவது குளிர் இல்லை.

★ சரி, வானத்தை விட்டு இறங்குவோம்.

★ பில் கென்ட்ரிக் என்ற அமெரிக்க நிரலாளர் 2002-ல் 'டக்ஸ் பெயிண்ட்' என்ற படம் வரையும் மென்பொருளை எழுதினார். 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கானது. காசு கிடையாது, கட்டற்ற மென்பொருள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. தமிழும் அதில் ஒன்று. கீழே ஒரு பென்குயின் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்லும். சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது. திறக்கும்போது பெயர்ப் பட்டியலைக் காட்டாமல் வரைந்த படங்களையே சின்னதாக அடுக்கிக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் நேற்று வரைந்த யானையை இன்று கண்டுபிடித்துவிடும்.

★ தமிழ்நாட்டு ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் டக்ஸ் பெயிண்ட் ஒரு பாடமாகவே இடம்பெற்றது. செய்ததை அழித்துப் பின்னால் போகும் குறுக்குவிசை எது என்பது அதில் ஒரு கேள்வி. விடை: கண்ட்ரோல்-இசட். தேர்வில் விசையைக் கேட்பார்கள். அதை அழுத்துகிற கை என்ன பாடுபடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரப் பக்கம் அந்தக் கையைப் பற்றியது.

★ நான்கு வயதுப் பிள்ளையின் கையை மவுஸின் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை மவுஸின் முதுகை மூடாது. ஆள்காட்டி விரல் பொத்தானின் பாதிக்குத்தான் எட்டும். பொத்தானை அழுத்தப் போனால் மொத்தக் கையும் சேர்ந்து அழுந்தும். அழுந்தினால் மவுஸ் நகராது. நகர்த்தப் போனால் விரல் தளரும். தளர்ந்தால் கோடு அறுந்துபோகும். யானைக்குத் தும்பிக்கை பாதியில் நிற்கும். உடனே இன்னொரு கையும் உதவிக்கு வரும்: ஒன்று பிடிக்க, ஒன்று அழுத்த. மேசை விளிம்பு வந்துவிட்டால் மவுஸைத் தூக்கி நடுவில் வைக்கலாம் என்று தோன்றாது. மேசைக்கு வெளியே அந்தரத்தில் ஓட்டிப் பார்க்கும். "மிஸ், இது வரமாட்டேங்குது." வரையத் தெரியாத பிள்ளை இல்லை அது. அதே பிள்ளை கரித்துண்டைக் கொடுத்தால் சுவர் முழுக்க யானைக் கூட்டமே வரையும்.

★ அழுத்திப் பிடித்து இழுப்பது எளிதா, ஒருமுறை கிளிக் செய்து எடுத்து மறுமுறை கிளிக் செய்து வைப்பது எளிதா? கோரி இங்க்பென் என்ற ஆய்வாளர் பிள்ளைகளைக் கணினியில் புதிர் அடுக்கச் சொல்லிச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார். கிளிக் முறையில் வேகம் அதிகம், தவறு குறைவு, பிள்ளைகளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. 2004-ல் ஹுவான் பாப்லோ ஊர்காடே குழுவினர் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரியவர்கள் இலக்கை நேராகப் போய்ப் பிடிப்பார்கள். பிள்ளைகள் கிட்டே போய், தாண்டி, திரும்பி, மறுபடி தாண்டி, இலக்கையே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

★ டக்ஸ் பெயிண்ட் செய்தவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அமைப்புகளில் ஒன்றை மாற்றிவிட்டால், கோடு தொடங்க ஒரு கிளிக், பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சும்மா நகர்த்தலாம், முடிக்க இன்னொரு கிளிக். பிடித்துக்கொண்டே இழுக்கும் தொல்லை இல்லை. இன்னொரு அமைப்பு, மவுஸின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இடது பொத்தானாகவே எடுத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் பாதி நேரம் வலது பொத்தானில்தான் விரல் வைத்திருக்கும். நடுச் சக்கரத்தை உருட்டினால் ஏதாவது நகர்ந்து குழப்புகிறதா, சக்கரத்தையே செயலிழக்கச் செய்யலாம்.

பொத்தான்களின் அளவையும் கூட்டலாம். சாதாரணமாக 48 புள்ளி அகலம் இருப்பதை 192 வரை பெரிதாக்க முடியும். இலக்கு பெரிதாகப் பெரிதாகத் தொடுவது சுலபமாகும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

★ தமிழக அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் அக்காவிடமிருந்து தம்பிக்குக் கைமாறியிருக்கின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் அவற்றில் இருந்தது. அந்த லேப்டாப்பில் மவுஸ் இல்லாமல் வரைய வேண்டுமானால் டச்பேட்தான் கதி. ஒரு விரலால் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் தேய்க்க வேண்டும். சின்னக் கைக்கு அது பெரிய தண்டனை. மேலே சொன்ன 'கிளிக்-நகர்த்து-கிளிக்' அமைப்பை இங்கேதான் முதலில் போட வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை.

★ குழந்தைகளுக்கான படம் வரையும் மென்பொருள்களுக்கு முன்னோடி 'கிட் பிக்ஸ்'. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கலை ஆசிரியராக இருந்த கிரெய்க் ஹிக்மன், தன் மூன்று வயது மகன் பெரியவர்களுக்கான மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து எழுதியது. பையன் மவுஸைச் சமாளித்துவிட்டான். தொங்கும் பட்டியல்களும் திடீர் திடீரென முளைக்கும் பெட்டிகளும்தான் அவனை மடக்கின. 1989-ல் ஹிக்மன் அதை இலவசமாக வெளியிட்டார்; 1991-ல் கடைக்கு வந்தது.

★ டக்ஸ் பெயிண்டில் மவுஸே இல்லாமல் வரையலாம். கீபோர்டு அமைப்பைத் திறந்துவிட்டால் அம்பு விசைகள் சுட்டியை நகர்த்தும், ஸ்பேஸ் பார் கிளிக் செய்யும். கோலம் போடுகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல விளையாட்டு. விரலைப் போல வளைக்க முடியாது என்பதால் படிப்படியாக ஏறி இறங்கித்தான் வளைவு வரும். புள்ளிக் கோலத்தை விட, கோடுகளைக் கட்டம் கட்டமாகப் போடும் படங்களுக்கு அம்பு விசை பொருத்தம். வீடு, கோபுரம், படிக்கட்டு எல்லாம் மவுஸில் வருவதைவிட நேராக வரும்.

இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, ஒருவருக்கு இடம்-வலம் விசைகள், மற்றவருக்கு மேல்-கீழ் விசைகள் என்று பிரித்துக் கொடுத்து மலை வரையச் சொல்லிப் பாருங்கள். முதல் மலை சண்டையில் முடியும். இரண்டாவது மலை வந்துவிடும்.

★ தெருமுனைக் கடையில் வாங்கிய டி.வி. கேம் ஓய்ந்துபோய்க் கிடக்கிறதா? அதன் ஜாய்ஸ்டிக் யு.எஸ்.பி. முனை உள்ளதாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். 2014-ல் வந்த பதிப்பிலிருந்தே டக்ஸ் பெயிண்ட் ஜாய்ஸ்டிக்கை ஏற்கும். குச்சி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் கணினி –32768 முதல் 32767 வரையிலான எண்ணாக வாசிக்கிறது. பழைய ஜாய்ஸ்டிக் கையை எடுத்த பிறகும் சரியாக நடுவில் நிற்காது, லேசாகச் சாய்ந்தபடியே இருக்கும்; திரையில் தூரிகை தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். பேய் வரைகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். இதற்காகவே ஓர் எல்லை உண்டு: எண் 3200-ஐத் தாண்டினால்தான் அசைவு என்று கணக்கு. இது தொடக்க அமைப்பு. பேய் அடங்கவில்லை என்றால் எல்லையைக் கூட்டலாம். நகரும் வேகத்தையும் குறைக்கலாம். கை நடுக்கம் உள்ள பிள்ளைக்கும் இதே இரண்டு அமைப்புகள் உதவும். கருவிக்கு வந்த கோளாறுக்குப் போட்ட மருந்து கைக்கும் கேட்கிறது.

இன்னொன்று: ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வேலை ஒதுக்கலாம். ஒன்றுக்குத் தூரிகை, ஒன்றுக்கு அழிப்பான், ஒன்றுக்குப் பின்னால் போவது. திரையின் ஓரத்துக்கு ஓடிப் போய்க் கருவி எடுத்துவரும் அலைச்சல் மிச்சம்.

★ எழுத்தே தெரியாத பிள்ளை கணினிக்குக் கட்டளை கொடுக்க முடியுமா? 1970-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரேடியா பெர்ல்மன் என்ற மாணவி, முடியும் என்று செய்து காட்டினார். அப்போது அங்கே லோகோ மொழியும், அதன் கட்டளைக்குத் தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் ஆமை இயந்திரமும் இருந்தன. கீபோர்டில் தட்ட வேண்டும் என்பதால் மழலைகளுக்கு அது எட்டவில்லை. பெர்ல்மன் கீபோர்டைத் தூக்கிவிட்டுப் பொத்தான் பெட்டி ஒன்றைச் செய்தார்: முன்னே போ, பின்னே வா, இடது, வலது, பேனாவை இறக்கு, பேனாவைத் தூக்கு. அடுத்து, கட்டளை அட்டைகளை வரிசையாகச் செருகும் ஒரு பெட்டி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஆமையை ஓட்டி வரைந்தார்கள்.

இந்தப் பெர்ல்மன்தான் பின்னாளில், 1985-ல், வலையமைப்புகளில் தரவு சுற்றிச் சுற்றி ஓடி முடங்கிப் போகாமல் காக்கும் 'ஸ்பானிங் ட்ரீ' முறையை வகுத்தவர். அதற்குத்தான் உலகப் புகழ். எனக்கென்னவோ பொத்தான் பெட்டிதான் பெரிதாகத் தெரிகிறது.

★ டெல்லி கால்காஜி. 1999 ஜனவரி 26. கணினிப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.ஐ.டி.யின் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதிப் பக்கமாகத் திரும்பியபடி ஒரு கணினியைப் பதித்தார் ஆய்வாளர் சுகதா மித்ரா. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மவுஸும் இல்லை, சுவரில் பதித்த டச்பேட் மட்டும். தெருவில் மவுஸை வைத்தால் தூசியும் மழையும் விடாது என்பதால் பின்னால் வந்த பெட்டிகளில் ஜாய்ஸ்டிக் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்துப்போன மென்பொருள்களில் ஒன்று எது தெரியுமா? பெயிண்ட். காரணம் சாதாரணமானது: அந்தப் பிள்ளைகளின் வீட்டில் வண்ணமும் தாளும் கிடையாது.

பிறகு நம் பக்கத்துக் கடலோரக் கிராமமான கலிக்குப்பத்திலும் மித்ரா சோதனை நடத்தினார். தமிழ் பேசும் பிள்ளைகள் தாமாகவே ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பம் கற்றார்கள் என்று 2010-ல் எழுதினார். இதற்குக் கைதட்டியவர்களும் உண்டு, கற்றது சொற்பம் என்று மறுத்தவர்களும் உண்டு. கற்றது எவ்வளவு என்பதில் சண்டை இருக்கட்டும். மவுஸ் என்ற பொருளையே பார்க்காமல் படம் வரைந்தார்கள் என்பதில் சண்டை இல்லை.

★ 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் வெளியான, மத்திய அரசின் மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டை அன்றைக்கு எல்லோரும் திட்டினார்கள். அதன் தொடுதிரை அழுத்தத்தால் வேலை செய்யும் மலிவு வகை. விரலால் லேசாகத் தடவினால் அசையாது, அழுத்த வேண்டும். ஆனால் படம் வரைய அதில் ஒரு வசதி இருந்தது. நகத்தால் வரையலாம், மூடிய பேனா முனையால் வரையலாம், ஐஸ் குச்சியால்கூட வரையலாம். இன்றைய போன் திரைகள் மின்தேக்குத் திறனால் வேலை செய்பவை; விரலை உணரும், குச்சியை உணராது. பிள்ளைகள் உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டு வரையும்போது உள்ளங்கையும் ஒரு கோடு போட்டுவிடும். நோட்டில் எழுதும் பழக்கத்தில் கையை ஊன்றாமல் இருக்கச் சொன்னால் எப்படி?

★ டச் திரையில் டக்ஸ் பெயிண்ட் போடுகிறீர்களா? சுட்டி அம்பை மறைத்துவிடும் அமைப்பு இருக்கிறது. விரல் ஓரிடம், அம்பு ஓரிடம் என்று தெரிந்தால் பிள்ளைகள் விரலை விட்டுவிட்டு அம்பைத் துரத்தப் போய்விடுவார்கள்.

★ வாழைப்பழத்தைத் தொட்டால் கோடு விழும். நிஜமாகத்தான். எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் உருவாக்கி 2012-ல் வெளியிட்ட 'மேக்கி மேக்கி' என்ற உள்ளங்கை அளவுப் பலகையைக் கணினியில் செருகினால், கணினி அதைச் சாதாரணக் கீபோர்டு என்றே நம்பிவிடும். பலகையின் முகத்தில் நான்கு அம்புகள், ஒரு ஸ்பேஸ், ஒரு கிளிக். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பியை எடுத்து ஒரு பழத்தில் குத்துங்கள். தரைக் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பழத்தைத் தொட்டால், பழத்தின் வழியாகவும் உங்கள் உடம்பின் வழியாகவும் மின்னோட்டம் சுற்றி வந்துவிடும். பலகையில் இருப்பது 22 மெகா ஓம் மின்தடை. அவ்வளவு பெரிய தடைக்கு எதிரே நிற்பதால் பழம் போன்ற மோசமான கடத்தியும் நல்ல கம்பியாகக் கணக்காகிவிடுகிறது. ஓடும் மின்சாரம் மிகமிகச் சொற்பம், உடம்புக்குத் தெரியாது.

டக்ஸ் பெயிண்டில் கீபோர்டு அமைப்பைத் திறந்து வைத்துவிட்டு இந்தப் பலகையை இணைத்தால் ஜவ்வாது மலையில் ஐந்து பலாச்சுளைகளே போதும்: நான்கு அம்புகளுக்கு, ஒன்று ஸ்பேஸுக்கு. ஈரக் களிமண் உருண்டை வேலை செய்யும். தாளில் பென்சிலால் அழுத்தித் தீட்டிய கட்டம்கூட வேலை செய்யும், கரி மின்சாரத்தைக் கடத்துமே. காய்ந்த சாமை அரிசியைக் குவித்து வைத்தால் செய்யாது, ஈரம் இல்லை. ஏன் இது வேலை செய்கிறது, அது செய்யவில்லை என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தால், ஓவிய வகுப்பு அன்றைக்கு இயற்பியல் வகுப்பாகிவிடும். ஒரே ஒரு பிரச்சினை: வகுப்பு முடிவதற்குள் அம்பு விசை ஒன்று தின்னப்பட்டிருக்கும்.

★ டிராக்பால் என்பது மல்லாக்கப் போட்ட மவுஸ். பந்து மேலே இருக்கும். பெட்டி நகராது, பந்தை மட்டும் உருட்டலாம். 1950-களின் தொடக்கத்தில் கனடா கடற்படைக்காகச் செய்த டிராக்பாலில் இருந்தது நிஜமான பௌலிங் பந்து. மேசை ஓரம் என்ற பேச்சே இல்லாததால், கையைத் தூக்கி வைக்க முடியாத பிள்ளைகளுக்கு மவுஸைவிட இது எத்தனையோ மேல். உருட்டக் கை வேண்டும் என்றுகூட இல்லை. முழங்கை, பாதம், தாடை எதுவானாலும் சரி.

★ பந்தை உருட்ட முடிகிறது, பொத்தானை அழுத்த முடியவில்லை என்றால்? பழைய மவுஸ் ஒன்றைத் திறந்து, இடது பொத்தானுக்குக் கீழே இருக்கும் சின்னச் சுவிட்சின் இரண்டு கால்களில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே எடுத்து, மறுமுனையில் காலிங்பெல் சுவிட்சு ஒன்றை மாட்டிவிடுங்கள். ரேடியோ மெக்கானிக் பத்து நிமிடத்தில் செய்துதருவார். ஓடுவது யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்தான். சுவர் மின்சாரத்தோடு அந்தச் சுவிட்சுக்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது, அவ்வளவே. இதன் பிறகு முழங்காலால் கிளிக் செய்யலாம். ஒரே கணினியில் இரண்டு மவுஸ் செருகினால் இரண்டும் ஒரே அம்பைத்தான் அசைக்கும் என்பதால், ஒன்றை நகர்த்தவும் மற்றதைக் கிளிக் செய்யவும் வைத்துக்கொள்வதில் தடையே இல்லை.

★ மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக 1985-ல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் அமைப்பில் இப்படிப்பட்ட சுவிட்சுகள் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'அதிதி' என்ற கருவியைத் தொடவே வேண்டாம். அருகில் கையோ தலையோ லேசாக அசைந்தால் அதைக் கிளிக்காக எடுத்துக்கொள்ளும். அஜித் நாராயணன் சென்னையில் உருவாக்கிய 'ஆவாஸ்', பேச முடியாத பிள்ளைகள் படங்களைத் தேர்ந்தெடுத்துப் பேச உதவுவது.

★ தலையை அசைத்தும் வரையலாம். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் உருவான 'கேமரா மவுஸ்' என்ற இலவச மென்பொருள், லேப்டாப் கேமராவில் தெரியும் மூக்கு நுனியைப் பிடித்துக்கொண்டு அது போகிற பக்கம் அம்பை நகர்த்தும். ஓரிடத்தில் சற்று நின்றால் கிளிக். இதோடு 'கிளிக்-நகர்த்து-கிளிக்' அமைப்பையும் சேர்த்துக்கொண்டால் தூரிகை மூக்கு நுனிக்கு வந்துவிடும். தும்மல் வந்தால் மட்டும் கண்ட்ரோல்-இசட்.

★ 2007 டிசம்பரில் ஜானி சுங் லீ என்ற ஆய்வு மாணவர், வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டுக்குள் இருக்கும் அகச்சிவப்புக் கேமராவை வைத்து வகுப்பறைச் சுவரையே வரைபலகை ஆக்கிக் காட்டினார். பேனா முனையில் ஓர் அகச்சிவப்பு விளக்கு; அது நகர்வதை ரிமோட் பார்த்துக் கணினிக்குச் சொல்லும். விலை உயர்ந்த மின்பலகைக்கு அது மலிவு மாற்று.

★ கணினியில் வரைவது மவுஸோடு பிறந்த வித்தையும் அல்ல. 1963-ல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் செய்த 'ஸ்கெட்ச்பேட்' ஒளிப்பேனாவால் இயங்கியது. 1980-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'கோலாபேட்' என்ற தொடுபலகை விற்றது. மவுஸ் நடுவில் வந்து குந்திக்கொண்டது.

★ இதெல்லாம் சரி, வகுப்பில் கணினி இரண்டு, பிள்ளைகள் முப்பது என்றால்? பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா மூவரும் கிராமப் பள்ளிகளில் கவனித்தது இது: கணினியைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள், மவுஸ் ஒருவன் கையில். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். 2006-ல் அவர்கள் ஒரே கணினியில் பல மவுஸ்களைச் செருகி, ஒவ்வொன்றுக்கும் வேறு நிறத்தில் தனி அம்பு கொடுத்தார்கள். திரையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு, இந்த முறையில் ஆங்கிலச் சொற்கள் எவ்வளவு மனதில் நிற்கின்றன என்று சோதித்தார்கள். யார் முந்திக் கிளிக் செய்கிறார்களோ அவர்களுக்கு அடுத்த பக்கம் திறக்கும் என்று வைத்தபோது, பையன்கள் மட்டும் இருந்த குழுக்கள் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்து தள்ளின, படிப்பு ஏறவில்லை. எல்லோரும் சரியான விடையைத் தொட்டால்தான் திறக்கும் என்று மாற்றியதும், ஆளுக்கொரு கணினி இருந்தவர்களுக்குச் சமமாகக் கற்றார்கள். இதைக் கேட்டு ஆச்சரியப்படும் ஆசிரியர் எவரும் தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பில்லை.

டக்ஸ் பெயிண்டில் இந்தப் பல அம்பு வசதி இல்லை. அங்கே முறை வைத்துத்தான் வரைய வேண்டும். மலைப்பள்ளிகளில், குறிப்பாக ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் பிள்ளைகள் அங்கேயேதான் இருப்பார்கள் என்பதால், வரிசைக்கு நேரம் கிடைக்கும்.

★ மேலே சொன்ன அமைப்புகளையெல்லாம் மாற்ற 'டக்ஸ் பெயிண்ட் கான்ஃபிக்' என்று தனியாக ஒரு நிரல் வரும். பிள்ளைகள் வரையும் திரையில் அது தென்படாது. அதில் 'வெளியேறு' பொத்தானையே எடுத்துவிடும் வசதியும் இருக்கிறது. பாதிப் படத்தில் தவறி அழுத்தி மூடிவிடாமல் இருக்க. அப்போது எஸ்கேப் விசையை அழுத்தினாலும் மூடாது. ஷிஃப்ட், கண்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூடும். ஆசிரியர் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ரகசியம் இது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.